ஒருவேளை, ஒரு வேளை

ஜெசிந்தாவைப் புதைத்த மறுநாள் மதியம் பெலிக்ஸ் பிரியாணி சாப்பிட்டான்.

நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டான். எதிரே ஜெசிந்தாவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். "பச்சடியில தயிர் புளிச்சிட்டு, இல்ல மாப்ள?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். இருவர் காதுக்குப் பின்னாலும் வில்லை இருந்தது.

எலும்பை உறிஞ்சிய சத்தம் அப்போதுதான் அவன் காதிலேயே விழுந்தது. நகக்கண்ணில் இன்னும் கல்லறை மண். துக்கம் வரவில்லை, குமட்டல் வந்தது. எழுந்து போய்க் கை கழுவினான். எட்டு மாதமாகக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறான்.

ஆறுதல் வில்லை என்று அதற்குப் பெயர். பழைய ஐம்பது காசு அளவு இருக்கும். ஆஸ்பத்திரியில் பிணவறை வாசலிலேயே வைத்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விடும். வந்த புதிதில் இதைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்றார்கள். அப்புறம் ஆபீஸ்களில் சாவுக்கு லீவு கொடுப்பதை நிறுத்தினார்கள். "வில்லை போடலையா?" என்பதே பதில். சாவு வீடுகள் சுத்தமாகிவிட்டன. வருகிறவர்கள் மாலை போட்டார்கள், காபி குடித்தார்கள், போனைப் பார்த்தார்கள், போனார்கள்.

தூத்துக்குடியில் உப்பளத்து ஜனங்கள் மட்டும் விதிவிலக்கு. வேர்வையும் உப்பும் பட்டால் வில்லையின் பசை நிற்காது. அவர்கள் இன்னமும் மார்பில் அடித்துக்கொண்டு தெருவில் புரண்டு அழுதார்கள். பார்க்கிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரை வேகமாக ஓட்டினார்கள்.

பெலிக்ஸ் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். கல்யாணத்துக்கு முன்பே அறிவியல் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவன். பைபாஸில் லாரி மோதி ஜெசிந்தா செத்தபின் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் பாடம் எடுக்கப் போனான். உப்பளக்காரர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி. நடத்துவது ஓர் அறக்கட்டளை. அறக்கட்டளைக்குப் பின்னால் இருப்பது வில்லை செய்கிற கம்பெனி. பிள்ளைகளுக்கு அறிவியல் கதை எழுதச் சொல்லித்தரவேண்டும், நல்லவற்றைப் புத்தகமாகப் போடுவோம் என்று அறக்கட்டளை அதிகாரி சுதர்சன் சொன்னார். பெலிக்ஸ் ஒத்துக்கொண்டான். சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பது அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

முதல் வகுப்பில் பலகையில் நான்கு வரி எழுதினான்.

ஒருவேளை…
அப்புறம்?
யாருக்கு வலிக்கும்?
அவங்க என்ன செய்வாங்க?

"கதை எழுதுறதுக்கு முன்னால இந்த நாலுக்கும் ஒவ்வொரு வரி எழுதணும். 'ஒருவேளை'ன்னு ஆரம்பிச்சு உலகத்துல ஒரே ஒரு விஷயத்தை மாத்தணும். ஒண்ணே ஒண்ணு. ராக்கெட்டும் பறக்கும், ரோபோவும் பேசும், செத்தவனும் எந்திரிப்பான்னா அது சந்தை, கதை இல்ல. கடைசியில எல்லாம் கனவுன்னு முடிக்கிறவன் கையை ஒடிச்சிருவேன்."

பின் வரிசையிலிருந்து இசக்கிராஜா எழுந்தான். பத்தாம் வகுப்பு. மீசை அரும்பிய வாயில் எப்போதும் ஒரு இளிப்பு.

"சார், ஒருவேளை கணக்கு வாத்தியார் ஊமையாயிட்டா?"

"அது கதை இல்லலே, வேண்டுதல். கோயில்ல போய்ச் சொல்லு. அடுத்து?"

"ஒருவேளை கடல் பூரா நல்ல தண்ணியாயிட்டா?"

"இது ஆகும். அப்புறம்?"

"குடிதண்ணி லாரி வராது. எங்கம்மா குடத்தைத் தூக்கிட்டுச் சண்டை போடமாட்டா. ஊரே ஜாலி."

"யாருக்கு வலிக்கும்?"

இசக்கிராஜா யோசித்தான். இளிப்பு மெதுவாகப் போனது. "எங்கப்பாவுக்கு சார். உப்பு வெளையாதுல்லா."

"உக்காரு. இப்ப உன்கிட்ட கதை இருக்கு. ராக்கெட் தேவைப்பட்டுதா?"

எல்லாரும் எழுதினார்கள். சன்னலோரம் இருந்த ஒல்லிப் பெண் நோட்டை நீட்டினாள். சந்தனமாரி. ஒன்பதாவது. அவள் எழுதியிருந்தது: 'ஒரு வேளை சாப்பிட்டால் போதும் என்று ஒரு வில்லை வந்தால்?'

"ஒருவேளை-க்கு நடுவுல ஏன் இடம் விட்டிருக்க?"

"நீங்கதான சார் எழுதச் சொன்னீங்க. ஒரு வேளை."

"நான் சொன்னது சேர்த்து. சேர்த்து எழுதினா 'இப்படி நடந்தா'ன்னு அர்த்தம். பிரிச்சு எழுதினா ஒரு நேரத்துச் சாப்பாடு."

வகுப்பு சிரித்தது. "இவளுக்கு எப்பவும் சோத்து நெனப்புதான் சார்" என்றான் இசக்கிராஜா.

"நீ மட்டும் காத்தையா தின்னுத?" என்றாள் அவள்.

பெலிக்ஸ் அந்த வரியை இன்னொரு தடவை படித்தான். பிழைதான். ஆனால் அந்த அறையில் எழுதப்பட்டதில் அதுதான் நல்ல வரி. "தப்பா வந்தாலும் நல்லா வந்திருக்கு. மேல சொல்லு. இது எப்படி வேலை செய்யும்?"

"உங்க காதுல இருக்கே சார், அதே மாதிரிதான். அது துக்கத்தை வர வுடாது. இது பசியை வர வுடாது. காலையில சோறு கெடையாது, மத்தியானம் கெடையாது. ராத்திரி மட்டும் ஒரு தட்டு. யாரும் பசிக்குன்னு அழமாட்டாங்க."

"யாருக்கு வலிக்கும்?"

அந்த வரிக்கு எதிரே அவள் ஒன்றும் எழுதவில்லை. "யாருக்கும் வலிக்காதே சார். வில்லைதான் போட்டிருக்கே."

"யாருக்கும் வலிக்கலைன்னா கதை இல்ல. யோசிச்சு நிரப்பிட்டு வா." சிவப்பு மையால் அந்தக் காலி இடத்தைச் சுழித்துக் கொடுத்தான்.

அவள் போகவில்லை. அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதை எடுத்தா என்ன சார் ஆவும்?"

"எட்டு மாசமா அடைச்சு வச்சது பூரா ஒரே நேரத்துல வரும்கிறாங்க. டாக்டர் பக்கத்துல இல்லாம எடுக்கக் கூடாதாம்."

"எட்டு மாசத்து அழுகையும் ஒண்ணா வருமா?"

"ஆமா."

"ஆத்தாடி" என்றாள் அவள். "குளம் ஒடைஞ்ச மாதிரில்லா இருக்கும்."

பிள்ளைகளின் திட்டங்களை அன்றே சுதர்சனுக்கு அனுப்பினான். அப்படித்தான் ஏற்பாடு. அடுத்த சனிக்கிழமை சுதர்சன் சென்னையிலிருந்து நேரில் வந்துவிட்டார். சின்ன வயதுதான், பெலிக்ஸை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அவர் மேல் ஏதோ பூ வாசனை. அலுவலக அறையில் பெலிக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"சார், அந்தப் பொண்ணு பின்னிட்டா சார்! 'ஒரு வேளை'! இந்தப் பேருக்குத்தான் எங்க டீம் ஆறு மாசமா மண்டையை உடைச்சிட்டு இருந்தது."

"எந்தப் பேருக்கு?"

"பசி வில்லைக்கு. ரெடியா இருக்கு சார். சோதனையெல்லாம் முடிஞ்சாச்சு. ஒரு வேளை சாப்பாட்டுல உடம்புக்கு வேண்டிய சத்து மொத்தமும் வச்சுடுவோம். பசிங்கற அந்த உணர்ச்சி மட்டும் இருக்காது. ஆண்டு விழா அன்னைக்கு இங்கதான் ஆரம்பிக்கறோம். பெத்தவங்க சம்மதக் கையெழுத்து போட்டதும் பசங்களுக்கு ஒட்டிடலாம்."

பெலிக்ஸ் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேசையில் அவருக்காக வாங்கி வைத்த வடைகள் இருந்தன. பேசியபடியே ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைப் பேப்பரில் துடைத்தார். அது இசக்கிராஜா கடலைப் பற்றி எழுதிய தாள்.

"யாருக்கு வலிக்கும்?" என்று கேட்டான் பெலிக்ஸ்.

"யாருக்கும் வலிக்காது சார். அதுதானே அழகு! அந்தப் பொண்ணே அந்த இடத்தைக் காலியா விட்டிருக்காளே." சுதர்சன் அடுத்த வடையை எடுத்தார். "கதையை மேடையில அவளே படிக்கட்டும். முடிவு மட்டும் சந்தோஷமா இருக்கணும். நீங்க சொன்னா மாத்தி எழுதுவா. அப்புறம் நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். இந்த ஜனங்க வில்லைன்னா பயப்படுறாங்க. நீங்க போட்டிருக்கீங்க, நல்லா இருக்கீங்க. உங்களைப் பார்த்தா நம்புவாங்க."

"துக்கத்தை எடுத்தீங்க. அருவருப்பை ஏன் எடுக்கலை?"

சுதர்சன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "நல்ல கேள்வி சார். அது உடம்பைக் காப்பாத்துற உணர்ச்சி. கெட்டதைத் தின்னாம இருக்கணுமே? அதுல கை வைக்கக்கூடாது."

பெலிக்ஸ் பேசுவதாக ஒத்துக்கொண்டான். வெளியே வந்து குழாயடியில் நெடுநேரம் கை கழுவினான். பூ வாசனை போகவில்லை. கழுவிக்கொண்டே, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையிலேயே ஒரு திட்டம் போட்டான். ஒருவேளை, மேடையில் நின்று வில்லையைப் பிய்த்தால்? அப்புறம், எட்டு மாதமும் ஒன்றாக வரும், விழுந்து புரளுவான். யாருக்கு வலிக்கும்? அவனுக்கு. அவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கோலத்தைப் பார்த்தபின் எந்தத் தாயும் கையெழுத்துப் போடமாட்டாள். அடைத்து வைத்தால் பசியும் இப்படித்தான் வரும் என்று விளங்கிவிடும்.

நல்ல திட்டம். நான்கு வரியும் நிறைந்திருந்தது.

சந்தனமாரியைக் கூப்பிட்டு முடிவை மாற்றவேண்டாம் என்றான்.

"முடிவே இல்லையே சார். நீங்க சுழிச்சதுல இன்னும் ஒண்ணும் எழுதலை. என்ன எழுதன்னு தெரியலை."

"அப்படியே படி. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

ஆண்டு விழா அன்று மாலை விடுதி முற்றம் நிறைந்திருந்தது. முன் வரிசை சோபாக்களில் கம்பெனிக்காரர்கள். பின்னால் உப்பளத்து ஜனங்கள், வேலை முடிந்து அப்படியே வந்தவர்கள். பாதங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மேடையில் மூடிய அட்டைப் பெட்டிகள். பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் 'ஒரு வேளை' என்று அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். கீழே சிரிக்கும் ஒரு குழந்தைப் படம். அதன் பற்களைப் பார்க்கப் பிடிக்காமல் பெலிக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சந்தனமாரி படித்தாள். ஒரு வேளை சாப்பாடு, அழாத பிள்ளைகள், புகையாத அடுப்பு. மூன்றாவது இடத்துக்கு வந்ததும், "யாருக்கு வலிக்கும்?" என்று படித்துவிட்டு நிறுத்தினாள். முற்றம் காத்திருந்தது. அவள் நோட்டை மூடிவிட்டு இறங்கிப் போனாள். சோபாக்காரர்கள் கதை முடிந்துவிட்டது என்று கைதட்டினார்கள்.

பெலிக்ஸ் மைக்கைப் பிடித்தான்.

"என் மனைவி பேரு ஜெசிந்தா. எட்டு மாசம் முன்னால செத்துப்போனா. இதை ஒட்டினாங்க. இன்னைக்கு வரைக்கும் நான் அழல. இப்ப எடுக்கப் போறேன். எல்லாரும் பாருங்க."

சுதர்சன் பாதி எழுந்தார். அதற்குள் பெலிக்ஸ் காதுக்குப் பின்னால் நகத்தை விட்டுப் பிய்த்துவிட்டான். சின்னதாக ஒரு சத்தம், தபால் தலையை உரித்த மாதிரி. அடியில் தோல் மீன் வயிறு போல வெளுத்திருந்தது. மைக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காத்திருந்தான்.

காக்கை ஒன்று பந்தல் மேல் நடந்தது.

அவளை நினைத்தான். மாங்காய் போட்டு அவள் வைக்கிற மீன் குழம்பை நினைத்தான். பாட்டுப் பாடும்போது வரியை மறந்துவிட்டு இழுத்துச் சமாளிப்பாளே, அதை நினைத்தான். பிணவறையில் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் காலில் பாதி அழிந்த மருதாணியை நினைத்தான். எல்லாம் தெளிவாக இருந்தன. யாரோ ஒருத்தியின் புகைப்படங்களைப் பார்ப்பது போல இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. குளத்து மடையைத் திறந்தால் வெடித்த தரை.

"வரலை" என்றான். அது மைக்கில் விழுந்து முற்றம் முழுக்கக் கேட்டது.

சுதர்சனுக்கு உயிர் வந்தது. பாய்ந்து வந்து தோளில் கை போட்டார். "பாத்தீங்களா! எடுத்தாலும் ஒரு கஷ்டமும் இல்லை! எவ்வளவு தைரியமா சார் நிரூபிச்சுக் காட்டிட்டார்!" சோபாக்கள் மறுபடி கைதட்டின. சம்மதத் தாள்களைப் பின்னால் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெலிக்ஸ் அங்கேயே நின்றான். அவர்களுக்காகத் தானே முன்வந்து நடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. தோளில் கிடந்த கையின் ஈரம் சட்டையைத் தாண்டி இறங்கியது.

பின்னால் ஒருத்தி எழுந்தாள். சந்தனமாரியின் அம்மா பேச்சியம்மாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். தாளை வாங்கவில்லை.

"சாரே, ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை சாவும்போது அழலைன்னீங்க. இப்பவும் வரலையா?"

"வரலை."

"கண்ணுல இல்லாட்டாலும் நெஞ்சுலயாவது?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

"பெறவு வருமா?"

"தெரியாது."

அவள் அவனைப் பார்த்தாள். சந்தையில் ஐஸ் உருகிப்போன மீனைச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. மூக்கு லேசாகச் சுளித்தது.

"சீ" என்றாள்.

சத்தமாகக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி மடியிலிருந்த கைக்குழந்தையின் முகத்தை மேடைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினாள். அது வரிசை வரிசையாகப் பரவியது. அத்தனை முகங்களும் அவனைப் பார்த்துச் சுளித்தன. அந்தச் சுளிப்பை பெலிக்ஸுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

"துக்கத்தை அமுக்குதோம்னு சொல்லி வேரோட புடுங்கிட்டியளே" என்றாள் பேச்சியம்மாள், இப்போது சுதர்சனைப் பார்த்து. "எம் பிள்ளைக்கும் பசியை இப்படிப் புடுங்கிப்போட்டுட்டு, எடுத்தாலும் கஷ்டமில்லம்பீரு. பசிக்காத பிள்ளையை நான் எங்க கொண்டு வச்சிக் கும்பிட?"

"அம்மா, நீங்க தப்பாப் புரிஞ்சுட்டு…"

"மூணு வேளை போட முடியும்னா போடும். முடியாதுன்னா இப்பமே சொல்லும், நான் பொங்கிக் கொண்டாரேன். பிள்ளைங்க காதுல கை வைக்கப்பிடாது."

"ஆமா, வைக்கப்பிடாது!" என்று நாலைந்து குரல்கள். தாள்கள் கைமாறிக் கைமாறி வெறுமையாகவே மேடைக்குத் திரும்பி வந்தன. ஒரு தாளில் எவனோ காறித் துப்பியிருந்தான். சோபாக்காரர்கள் வாட்சைப் பார்த்தார்கள். இருட்டுவதற்குள் பெட்டிகள் பிரிக்கப்படாமலே வேனில் ஏறின. சுதர்சன் பெலிக்ஸிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வேன் போனபின்னும் பூ வாசனை கொஞ்ச நேரம் இருந்தது.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பெலிக்ஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று தெரியும். அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரசம் சிந்தியது. தட்டுகள் இடித்தன. "மாடு கூட இப்படித் திங்காதுலே" என்று யாரையோ யாரோ திட்டினார்கள். அவனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சந்தனமாரி ஒரு தட்டைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள். சோறும் ரசமும். அவளும் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா அப்படிச் சொன்னதுக்கு மனசுல வச்சிக்கிடாதீங்க சார்."

"வச்சுக்க மனசு இருந்தாத்தான."

இசக்கிராஜா தூரத்திலிருந்து கத்தினான். "சார், உங்க கதையில திட்டம் ஒண்ணு, நடந்தது ஒண்ணு! பெயிலு!"

"பொத்துலே" என்றாள் அவள். பிறகு நோட்டை எடுத்து, அவன் சிவப்பில் சுழித்த பக்கத்தைத் திறந்து வைத்தாள். காலி இடம் அப்படியே இருந்தது.

"இதை நீங்க தப்புன்னு சுழிச்சீங்க."

"ஆமா."

"தப்பில்ல சார். யாருக்கு வலிக்கும்? யாருக்கும் இல்ல. அதான் பதிலு. பாத்துக்கிட்டு நிக்கவங்களுக்குத்தான் குலை நடுங்கும். இன்னைக்கு மேடையைப் பாக்கவும்தான் எனக்கே வெளங்கிச்சு."

அவன் அவள் பேனாவை வாங்கித் தன் சிவப்புச் சுழிப்பின் மேல் ஒரு கோடு போட்டு அடித்தான். காதுக்குப் பின்னால் வெறும் தோலில் காற்றுப் பட்டது. அரித்தது. அவ்வளவுதான்.

"நாலாவது வரி பாக்கி இருக்கு சார். அவங்க என்ன செய்வாங்க? நீங்க என்ன செய்வீங்க?"

"தெரியலை."

அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

"ஒருவேளை அழுகை வரும் சார்."

"சேர்த்தா, பிரிச்சா?"

அவள் நோட்டை மூடினாள்.

"இப்பதைக்குப் பிரிச்சு சார். சாப்பிடுங்க. சேக்குறதைப் பெறவு பாப்போம்."